இரண்டு ஏஸும் ஒரு மைலோ டின்னும்

சிவமயம்

கிள்ளான்,
தீபாவளி கழிந்த வாரம்.

பெர்த் மாநகரில் கொலுவீற்றிருக்கும் சீட்டுக்கட்டு மகாராணி, என் அண்ணன் மகள் சுரேகாவுக்கு, உன் சித்தப்பா சிவசம்பு கடுங்கோபத்தோடு எழுதிக்கொள்வது.

'அன்புள்ள' என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். பேனா மறுத்துவிட்டது. இதற்கு முன் எழுதிய தாள்களை உன் சித்தி ஜெயமாலா படித்துப் பார்த்து, இதைத் தபாலில் போட்டால் நடுக்கடலுக்கு மேல் விமானம் தீப்பிடிக்கும் என்று கிழித்துப் போட்டாள். அவள் மார்க்கெட்டுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து இதை எழுதுகிறேன்.

என் கோபத்தின் அளவு உனக்குத் தெரிய வேண்டும். தீபாவளியன்று சாயங்காலம், பிரிக்ஃபீல்ட்ஸில் உன் வீட்டு நான்காம் மாடியில் நான் போட்ட சத்தத்தில், கேஎல் சென்ட்ரலில் கிளம்பப்போன கொமுட்டர் ரயில் பயந்து கதவுகளை மறுபடி திறந்துகொண்டது. கிள்ளான் ஆறு கொஞ்ச நேரம் மலையைப் பார்த்து ஓடியது. எல்லாவற்றுக்கும் காரணம் இரண்டு ஏஸ். ஒன்று இஸ்பேட், ஒன்று ஆர்ட்டின். போக்கரில் கைக்கு வரும் முதல் இரண்டு சீட்டில் இதற்கு மேல் ஒன்றும் கிடையாது என்று எனக்குச் சொன்னவள் நீ. அந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, மேசையில் எனக்கு இருந்த அத்தனையும் தோற்றேன். ஜெயித்தது உன் அம்மா, என் அண்ணி.

வாட்ஸ்அப்பில் நாலு வரி போடாமல் எதற்கு இந்தத் தபால் என்று கேட்பாய். நம் வீட்டு மேசையின் சட்டம் உனக்கு மறந்திருக்காது. தீபாவளிச் சீட்டில் ஜெயித்தவர் ஒரு வரம் கேட்கலாம். மேசையில் உட்கார்ந்தவர் யாரும் மறுக்கக்கூடாது. இந்த வருஷம் அண்ணி கேட்ட வரத்தில் எங்கள் எல்லோர் வாயும் கட்டப்பட்டுவிட்டது. ஒரு விஷயத்தை உன்னிடம் வாயாலும் சொல்லக்கூடாது, போனிலும் போடக்கூடாது. அந்த விஷயத்தை இனி அவரிடமும் எடுக்கக்கூடாது. இதுதான் வரம். தபால்தலை என்று ஒன்று உலகத்தில் இன்னும் உயிரோடு இருப்பது அண்ணிக்கு ஞாபகம் வரவில்லை.

ஆனால் ஆயுசு முழுக்க நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக நின்றவன் நான். சந்து கிடைத்தது என்று உள்ளே புகுந்து ஓடுவது நமக்கு அழகில்லை. ஆகவே அந்த விஷயத்தை எழுதமாட்டேன். சீட்டாட்டத்தைப் பற்றி மட்டும் எழுதுவேன். அதற்குத் தடை உத்தரவு எதுவும் இல்லை.

நம் குடும்பத்தில் யாரும் வரத்தை மீறியது கிடையாது. உன் மாமா திருச்செல்வம் ஜெயித்த வருஷம், அடுத்த தீபாவளி வரைக்கும் எல்லோரும் அவனை, சுல்தான் பட்டம் கொடுத்த மாதிரி, 'டத்தோ' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று கேட்டான். கூப்பிட்டோம். ரொட்டிச்சானாய் கடையில்கூட நான் எழுந்து நின்று, டத்தோ, டால்ச்சா வேணுமா என்று கேட்டேன். கடைக்காரர் அவனுக்கு மேசை விரிப்பு போட்டுக் கொடுத்தார். உன் சித்தி ஜெயித்த வருஷம் நான் பாடக்கூடாது என்று கேட்டாள். தேவாரத்தைக்கூட மனதுக்குள் பாடினேன். தொண்டையில் பாசி பிடித்தது.

நீயும் ஒரு வருஷம் ஜெயித்தாய். அண்ணர் காலமான மறுவருஷம். பெர்த் வேலைக்குப் போக விடணும் என்று கேட்டாய். உன் அம்மா சிதறிக் கிடந்த சீட்டுகளை ஒன்றாகத் தட்டி அடுக்கிக்கொண்டே, சரி, போயிட்டு வா என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்திருக்கிறதா? முகத்தில் ஒரு சுளிப்பு? யோசித்துப் பார். யோசித்துக்கொண்டே மேலே படி.

இப்போது உன் குற்றத்துக்கு வருகிறேன். நாங்கள் பாட்டுக்குத் தாத்தா காலத்து முந்நூற்றிநாலு சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தோம். நாலு பேர், ஒரு சண்டை, ஒரு கப் டீ. நீதான் பெர்த்தில் ஞாயிற்றுக்கிழமைச் சீட்டுப் போட்டியில் ஏதோ கோப்பை வாங்கிவிட்டு, போன் வழியாக எங்களுக்குப் போக்கர் சொல்லிக்கொடுத்தாய். கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, சேர்த்துப் பார்த்து யாருடையது பெரிது. இதுவரை சரி. நீ அதோடு நிறுத்தவில்லை. எனக்குத் தனியாக ஒரு உபதேசம் செய்தாய். பேராசிரியர் மாதிரி கண்ணாடியை வேறு தூக்கி விட்டுக்கொண்டாய்.

சித்தப்பா, சீட்டு நல்லதா இல்லையான்னு மட்டும் பாக்காதீங்க, முன்னாடி எவ்வளவு குவிச்சு வெச்சிருக்கீங்கன்னு பாருங்க என்றாய். குவியல் சின்னதா இருந்து நல்ல கை வந்தா யோசிக்கவே கூடாது, மொத்தத்தையும் உடனே தள்ளிடணும் என்றாய். குவியல் பெருசா இருந்தா ரெண்டு ஏஸும் வெறும் ஒரு ஜோடிதான், ஒரு ஜோடிய நம்பி வீட்டை எழுதி வைக்கக் கூடாது என்றாய். உங்ககிட்ட மலையா இருந்தாலும் எதிர ஆடுறவங்ககிட்ட ஒரு பிடிதான் இருந்தா ஆட்டம் அந்த ஒரு பிடிக்குத்தான், ரெண்டு பேர்ல யாருகிட்ட கம்மியோ அதுதான் கணக்கு என்றாய். நான் இதையெல்லாம் திருவாசகம் மாதிரி மனப்பாடம் பண்ணினேன். குளியலறையில் சொல்லிச் சொல்லிப் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவருக்கே பாடமாகிவிட்டது.

காசு வைத்து ஆடுவது நம் வீட்டில் கிடையாது. தோலோடு வறுத்த மெங்லெம்பு ஊர் உப்புக் கச்சான், அதாவது வேர்க்கடலைதான் பணயம். ஆளுக்கு ஒரு படி. நான் என் பங்கை பீங்கான் தட்டில் ராஜா மாதிரி பரப்பி வைத்தேன். உன் சித்தி மூடி போட்ட டப்பாவில். திருச்செல்வம் சட்டைப்பை இரண்டிலும். உன் அம்மா வழக்கம்போல அந்தப் பச்சை மைலோ டின்னில். அந்த டின்னை நீ சமீபத்தில் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை பேசும்போது போனைச் சாய்த்து வைப்பது அதன்மேல்தான். அண்ணி முகத்துக்குப் பவுடர் போட்டு, பொட்டைச் சரி பண்ணி, டின்னில் போனைச் சாய்த்து, மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் பச்சைப் பொத்தானை அழுத்துவார். பவுடரைப் பற்றி எழுதக்கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை.

ஆட்டம் தொடங்கியது. எல்லோரிடமும் குவியல் நிறைய இருந்த நேரத்தில் எனக்கு இரண்டு ராணி வந்தது. உன் உபதேசப்படி அடக்கமாக ஆடினேன். கொஞ்சமாகத்தான் வைத்தேன். நடுவில் ஒரு ராஜா விழுந்ததும் கையை மடக்கி ஒதுங்கிக்கொண்டேன். உன் மாமா, டத்தோ பட்டம் போன வயிற்றெரிச்சலில், ராணி ரெண்டு பேரையும் கையில வெச்சுக்கிட்டு இப்படிப் பயப்படுறீங்களே அத்தான், வீட்ல ஒரு ராணிக்கே இந்த நிலைமையா என்று கேட்டான். உன் சித்தி சிரித்தாள். அவள் யார் பக்கம் என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை.

திருச்செல்வம் ஆடிய லட்சணத்தையும் கேள். அவன் கச்சானைப் பணயமாக வைத்ததைவிட வாயில் போட்டதுதான் அதிகம். சாப்பிட்டுச் சாப்பிட்டு ஒரு பிடிக்கு வந்துவிட்டான். அந்த நேரத்தில் அவனுக்கு ஏஸும் ராஜாவும் ஒன்றாக வந்தது. ஒரு பிடிதான் மிச்சம், கையில் ஏஸ், ராஜா. உன் கணக்கில் கண்ணை மூடிக்கொண்டு தள்ள வேண்டிய கை. தள்ளினானா? இதைவிட நல்லது வரட்டும், அவசரம் என்ன, நேரம் இருக்கு லா என்று மடக்கி வைத்துவிட்டு இன்னும் இரண்டு கச்சானை உரித்தான். அடுத்த கை வரும்போது அவன் முன்னால் தோல் மட்டும்தான் இருந்தது. நேரம் இருக்கு என்று சொன்னவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உன் சித்தியும் கொஞ்ச நேரத்தில் அண்ணியிடம் தோற்று, பலகாரத்தட்டோடு எழுந்துவிட்டாள். நானும் உன் அம்மாவும் மட்டும் மிச்சம்.

அப்போதுதான் அந்த இரண்டு ஏஸ்.

சுரேகா, அந்த நிமிஷம் என் நெஞ்சு அடித்த அடியில் பத்துமலைக் குரங்குகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. முதலில் ஒரு கைப்பிடி வைத்தேன். அண்ணி டின்னுக்குள் கையை விட்டு அதே அளவு எடுத்து வைத்தார். நடுவில் மூன்று சீட்டு திறந்தது. ராஜா, ஒன்பது, நாலு. பயப்பட ஒன்றுமில்லை. நான் உன் பாடத்தை ஒப்பித்துப் பார்த்தேன். என் தட்டு நிறைய இருக்கிறது. அண்ணியிடம் எவ்வளவு? டின் மூடியிருக்கிறது. ஆனால் எனக்குத் தெரியாதா? கச்சான் விஷயத்தில் அண்ணியும் அவர் தம்பி திருச்செல்வமும் ஒரே ரத்தம். ஒவ்வொரு தீபாவளிக்கும் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் அந்த டின்னில் தோல்தான் இருக்கும். ஆகவே அண்ணியிடம் ஒரு பிடி. குறைவானதுதான் கணக்கு. சின்ன ஆட்டம். ரெண்டு ஏஸ். தள்ளு.

தட்டை அப்படியே நடுவில் தள்ளினேன். ஒரு சக்கரவர்த்தி நாட்டைத் தானம் பண்ணுகிற மாதிரி கையை வேறு விரித்தேன்.

அண்ணி மூடியைத் திறந்து டின்னைக் கவிழ்த்தார். கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. மேசையிலிருந்து உருண்டு, ஐந்தடி தள்ளி இருந்த விளக்கு வரைக்கும் போனது. ஒரு கச்சான்கூடக் குறையவில்லை, ஜெயித்ததும் மேலே சேர்ந்து என் தட்டைவிட அதிகம். அதற்குப் பிறகு தன் இரண்டு சீட்டைத் திருப்பி வைத்தார். இரண்டு நாலு. நடுவில் இருந்ததோடு மூன்று நாலு. மிச்சம் இரண்டு சீட்டும் திறந்தோம். மூன்றாவது ஏஸ் வரவில்லை. கட்டுக்குள் எங்கோ குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

நான் ரயிலை நிறுத்திய அந்தச் சத்தத்தைப் போட்டது அப்போதுதான். இது அநியாயம், ஏமாற்று, டின்னுக்குள் ஆள் வைத்து நிரப்பியிருக்கிறீர்கள் என்று கத்தினேன். அண்ணி தரையில் விழுந்த கச்சானைப் பொறுக்கக் குனிந்தவர் பாதியில் நின்று, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தார்.

"இந்த வருஷம் நான் ஒண்ணும் சாப்பிடல தம்பி," என்றார். "உப்பு ஆகாதுன்னுட்டாங்கல்ல. அதான் அப்படியே இருக்கு."

உப்பு ஆகாது என்று டாக்டர் சொன்ன அன்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான். தலையை ஆட்டியவன் நான். அந்த அறிவு, இரண்டு ஏஸைப் பார்த்ததும் எங்கே போனது? டின் நிறைந்திருக்கும் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டிய ஒரே ஆள் நான்தான்.

பிறகு அண்ணி தன் வரத்தைக் கேட்டார். எந்த விஷயம் என்று எழுதமாட்டேன் என முன்பே சொல்லிவிட்டேன். உன் மாமா கை கழுவப் போகிறேன் என்று போனவன் கையில் ஓர் உரியாத கச்சானோடு நெடுநேரம் குளியலறையில் நின்றான். உன் சித்தி தோலையெல்லாம் பேப்பரில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

இப்போது சட்ட நுணுக்கத்துக்கு வருகிறேன், கவனமாகப் படி. அண்ணி மூடி வைக்கச் சொன்ன விஷயத்தை நான் சொல்லக்கூடாது. ஆனால் நான் ஜெயித்திருந்தால் என்ன கேட்டிருப்பேன் என்பது என் சொந்தச் சொத்து. என் தோல்வியை நான் யாரிடமும் ஒப்பாரி வைக்கலாம்.

நான் இதைத்தான் கேட்டிருப்பேன்: இந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், கிள்ளானில் நான் பார்த்து வைத்திருக்கும் பெரிய டாக்டரிடம் வந்து, நெஞ்சுக்குள் பழுதாகிப்போன ஒரு கதவை மாற்றிக்கொள்ள வேண்டும். தைப்பூசத்துக்கு முன்னால் மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் தள்ளினால் நான் பொறுப்பில்லை என்று அந்த டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அந்த ஒருவர் யார் என்று எழுதமாட்டேன். திருச்செல்வம் இல்லை. அவன் நெஞ்சில் கதவே கிடையாது, காற்று வருகிற வீடு. உன் சித்தியும் இல்லை. அவளுடையது இரும்பில் வார்த்தது, என்னோடு குடும்பம் நடத்தி நிரூபித்திருக்கிறாள். நான் இல்லை. மிச்சத்தை நீயே எண்ணிக்கொள்.

இந்த ஒன்றுக்காகத்தான் நான் அந்தப் பாடத்தைக் குளியலறையில் மனப்பாடம் பண்ணினேன். கோப்பைக்காக இல்லை, டத்தோ பட்டத்துக்காக இல்லை. கெஞ்சிப் பார்த்தாயிற்று. சண்டை போட்டாயிற்று. லிஃப்ட் வேலை செய்யாத நாளில் அண்ணி ஒவ்வொரு மாடியிலும் நின்று, பூனைக்குச் சோறு போடாதீர் என்ற அறிவிப்பை வேதம் மாதிரி வாசிப்பதைப் பின்னால் நின்று பார்த்தாயிற்று. பத்துமலைப் படிகளுக்கு இந்த வருஷம் ஏன் வரவில்லை என்று கேட்டால் குரங்குகளோடு மனஸ்தாபம் என்றார். மறுக்க முடியாத ஒரே இடம் அந்த மேசை. அங்கே போய் ஜெயித்துக் கேட்டுவிடலாம் என்று போனேன். தோற்றுவிட்டு வந்து உனக்கு எழுதுகிறேன்.

ஏன் மாட்டேன் என்கிறார் என்று தீபாவளிக்கு முந்தின நாள் கேட்டேன். முந்தின நாள் பேசியது வரத்துக்குள் வராது, ஆகவே எழுதலாம். படுத்தால் பார்த்துக்கொள்ள நீ ஓடி வருவாய், வேலை இப்போதுதான் நிலையாகியிருக்கிறது, வந்தால் தன்னைத் தனியாக விட்டுத் திரும்பிப் போகமாட்டாய் என்றார். நாங்கள் எல்லாம் செத்தா போய்விட்டோம், உன் சித்தி இல்லையா என்று கத்தினேன். அண்ணி கொஞ்சமும் சத்தத்தை உயர்த்தவில்லை.

"அது அவளுக்குக் குடுத்த வரம் தம்பி. குடுத்த நானே எப்படித் திருப்பி வாங்குறது?"

சுரேகா, இதற்கு நீதிமன்றத்தில் பதில் கிடையாது. மூன்று மொழியிலும் தேடிப் பார்த்தேன்.

இப்போது என் கோபத்தை முழுதாகக் கேட்டுக்கொள். உன்மேல் கோபம், நீ ஒவ்வொரு தீபாவளிக்கும் அடுத்த வருஷம் வரேம்மா என்று சொன்னதற்கு. அவர்மேல் கோபம், ஒவ்வொரு தடவையும் சரிம்மா என்று சொன்னதற்கு. நீ பெரிய குவியலோடு உட்கார்ந்திருக்கிறவள் மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு போன், பிறந்தநாளுக்கு ஒரு பூங்கொத்து, எல்லாம் சின்னச் சின்னதாக. உன்னிடம் நிறைய இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. உனக்கு வயதிருக்கிறது, வேலையிருக்கிறது, நாளிருக்கிறது. ஆனால் ரெண்டு பேர்ல யாருகிட்ட கம்மியோ அதுதான் கணக்கு என்று எனக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொன்னது யார்?

போனில் பவுடர் போட்ட முகம் மட்டும்தான் தெரியும், அவரிடம் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. நானும் நேரில் உட்கார்ந்தே தப்பாகக் கணக்குப் போட்டவன், உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு ஷரத்து. தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது, அண்ணியும் மறுக்க முடியாது. மேசையில் உட்காராத ஆளை வரம் கட்டாது. இந்தக் குடும்பத்தில் இப்போது அந்த விஷயத்தை அண்ணியின் முகத்துக்கு நேரே பேசக்கூடிய ஒரே ஆள் நீதான். போனில் பேசாதே. ஒரு நொடியில் போனை அணைத்துவிட்டு, லைன் சரியில்லை என்று சொல்லிவிடுவார். கதவைத் தட்டு. திறந்ததும் முதலில் திட்டுவார், திட்டட்டும். அவர் திட்டி முடிக்கும்வரை மூச்சு வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். திரும்பிப் போவதைப் பற்றி நீ கவலைப்படாதே. அவர் எழுந்து நடந்த மறுநாளே உன்னை விமானத்தில் ஏற்றி அனுப்புவது என் பொறுப்பு. மாட்டேன் என்றால் தூக்கிக்கொண்டு போய் ஏற்றுவேன். அவர் கொடுத்த வரம் கெடாது.

இன்னும் நல்ல கை வரட்டும் என்று உன் மாமா மாதிரி உட்கார்ந்திருக்காதே, மகளே.

உன் சித்தி மார்க்கெட்டிலிருந்து வருகிற சத்தம் கேட்கிறது. அவள் முதலில் கிழித்தவற்றில் இருந்த வசவுகளையெல்லாம் நீ படித்ததாகவே வைத்துக்கொள். கோபம் தீரவில்லை. நீ வந்து நிற்கும்போது மிச்சத்தை நேரில் தருகிறேன். அதுவரைக்கும் நீ நன்றாக இருக்க வேண்டும், பத்திரமாக வந்து சேர வேண்டும் என்று எல்லாத் தெய்வங்களையும் அதட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டு ஏஸோடு தோற்ற உன் சித்தப்பா,
சிவசம்பு

பி.கு.: வரும்போது எனக்கு ஒன்றும் வேண்டாம். அங்கே உப்புப் போடாத கச்சான் கிடைத்தால் மட்டும் நிறைய வாங்கி வா. அந்த டின் காலியாவதை நான் பார்க்க வேண்டும்.